அன்னூர் சாலையில் நான் கொடுத்த களிம்பு

கண்ணு,

நீ விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் உனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் நலம் சொல்லி, நலம் கேட்டுத்தான் தொடங்கினேன். இதை அப்படித் தொடங்க முடியவில்லை. நான் நலமாக இல்லை. நீயும் நலமாக இல்லாமல் இருக்கலாம். முக்கியமானதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று செய்தித்தாளில் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். முப்பத்தெட்டு வருடம் கோவையில் நிருபராக இருந்து நானும் எத்தனையோ பேருக்கு அதையே சொல்லிக்கொடுத்தேன். ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பங்குனியில் நடந்தது ஹெர்னியா அறுவை சிகிச்சை இல்லை. பெருங்குடலில் புற்றுநோய். உன் அப்பாரு, அதாவது என் அப்பா, இறந்ததும் இதே நோயால்தான். அவருக்கு வந்ததும் இதுதான் என்பது எனக்கே பதினோரு நாட்களுக்கு முன்புதான் தெரிந்தது. தை மாதத்தில் காருக்குள் நீ உன் வயிற்றைப் பற்றிச் சொன்னபோது மூலம்தான் என்று நான் சொன்னேன் அல்லவா? அது எதுவும் தெரியாமல் சொன்னது. நீ உடனே ஒரு குடல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இனி வருவதெல்லாம் அதற்கான விவரம்.

அந்த நாளை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவே போவதில்லை. உன் தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க நாம் இரண்டு பேரும் அன்னூர்ப் பக்கம் போனோம். நீ ஓட்டினாய். பின் சீட்டில் வெற்றிலை பாக்கும் பழத்தட்டுகளும் பத்திரிகைக் கட்டும் இருந்தன. கோவில்பாளையம் தாண்டுவதற்குள் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்திக் கழிப்பறைக்குப் போய் வந்தாய். கணேசபுரத்தில் மறுபடி நிறுத்தினாய். "என்றா கண்ணு, திரும்பவுமா?" என்று கேட்டேன். "போயிட்டு வந்தாலும் முழுசாப் போன மாதிரியே இல்லீங்கப்பா" என்றாய். பிறகு சாலையைப் பார்த்தபடியே, "ரத்தமும் வருதுங்க. ரெண்டு மாசமா" என்றாய். நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். "அட, அதுக்கா மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சிருக்கற? நாள் பூரா ஆபீஸ் சேர்ல உக்காந்தா சூடு புடிக்காம என்ன பண்ணும்? நம்மூட்டு ஆம்பளைகளுக்கு மூலம் பாகம் பிரிச்ச சொத்தாட்டம், கேக்காமயே வந்து சேரும்" என்று சொல்லிவிட்டு, என் சட்டைப் பையிலிருந்து அந்தக் களிம்புக் குழாயை எடுத்து உன்னிடம் நீட்டினேன். "இதை நீங்க எதுக்குங்கப்பா பாக்கெட்டுல வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டாய். "வயசாச்சல்ல" என்றேன். நீயும் சிரித்துவிட்டாய். அந்தக் குழாய் பாதிதான் இருந்தது. மீதிப் பாதியை நான் தீர்த்திருந்தேன்.

எனக்கு ஆடியிலேயே தொடங்கிவிட்டது. காலையில் ஒரு தடவை போய்க்கொண்டிருந்தவன் மூன்று, நான்கு தடவை போனேன். சில நாள் ஒன்றும் இல்லை, சில நாள் பேதி. ரத்தம் முதலில் எப்போதாவது வந்தது, பிறகு வாரத்தில் பாதி நாள் வந்தது. மலம் முன்பு போல இல்லாமல் மெலிந்து போனது. கார்த்திகைக்குள் பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தேன். ஊரில் எத்தனை சென்டிமீட்டர் மழை, எத்தனை மணிக்குக் கரண்டு போனது என்று ஓய்வுபெற்ற பிறகும் டைரியில் குறித்து வைக்கிறவன் நான். அந்த ஆறு மாதத்து டைரியை எடுத்துப் பார்த்தேன். மழை இருக்கிறது, வெயில் இருக்கிறது, நம் தெருவில் குழாய் உடைந்தது இருக்கிறது. என் உடம்பைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. விளக்கெண்ணெய் குடித்தேன், இளநீர் குடித்தேன், சோற்றுக்கற்றாழை தின்றேன், வெந்தயம் ஊறவைத்து விழுங்கினேன். உடம்பில் எது வந்தாலும் சூடு என்று ஒரு பேர் வைத்துவிட்டால் நம் ஊரில் அதற்குமேல் கேள்வி கிடையாது. நானும் கேட்கவில்லை.

மருத்துவரிடம் போகவே இல்லை என்று சொல்லமாட்டேன். போனேன். ஆனால் கார்த்திகையில்தான் போனேன், அதுவும் எங்கே போனேன் என்று கேள். நம் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு நல்ல மருத்துவர் இருக்கிறார். அவர் உன் தங்கச்சிக்குப் பார்த்த மாப்பிள்ளையின் தாய்மாமன். அவரிடம் போனால், 'பொண்ணோட அப்பனுக்கு என்னமோ சீக்காம்' என்ற பேச்சு அடுத்த முகூர்த்தத்துக்குள் அந்த வீட்டுக்குப் போய்விடும் என்று பயந்தேன். அவர் அப்படிச் செய்கிற மனிதர் இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. பஸ் ஏறி சிங்காநல்லூர் போய், என்னைத் தெரியாத ஒருவரைப் பார்த்தேன். "என்ன தொந்தரவுங்க?" என்றார். "மூலந்தானுங்க. கொஞ்ச நாளா." "ரத்தம் வருதுங்களா?" "எப்பவாச்சும் ஒரு பொட்டுங்க." "வீட்டுல வேற யாருக்காச்சும் குடல்ல நோய் இருந்திருக்குதுங்களா?" "ஒருத்தருக்கும் இல்லீங்க." "படுங்க, பாத்தரலாம்" என்று கையுறையை எடுத்தார். நான் எழுந்து நின்று கும்பிட்டு, "பரவால்லீங்க, மருந்து மட்டும் எழுதிக் குடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். அவர் அதோடு விட்டுவிடவில்லை. சீட்டில் களிம்பை எழுதி, அதற்குக் கீழே இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் குழாய் விட்டுக் குடலைப் பார்க்க வேண்டும் என்றும் எழுதினார். அந்தச் சீட்டை மருந்துக் கடையில் காட்டிக் களிம்பை வாங்கினேன். கீழே இருந்த வரியை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

நான்கு பதில் சொன்னேன், நான்கும் தவறு. மூலம் என்று நானாக முடிவு செய்தது முதல் தவறு. நான்கு மாதத்தைக் கொஞ்ச நாள் ஆக்கியது இரண்டாவது. பாதி வாரத்து ரத்தத்தை ஒரு பொட்டு ஆக்கியது மூன்றாவது. நான்காவதைப் பிறகு சொல்கிறேன். எனக்கு யாராவது இப்படி ஒரு செய்தி கொண்டுவந்து கொடுத்திருந்தால் முகத்திலேயே தாளை விட்டெறிந்திருப்பேன். விபத்து நடந்த இடத்தில் அழுதுகொண்டிருக்கிற மனிதரிடம் போய், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை பேர் என்று கேட்டுக் கேட்டு எழுதியவன் நான். நம் பக்கத்து மரியாதை ஒன்று இருக்கிறது. எதையும் அழுத்திச் சொல்லக் கூடாது, பெரியவர் முன்னால் அசிங்கமானதைப் பேசக் கூடாது, அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது. கல்யாண வீட்டில் அது அழகு. மருத்துவர் முன்னால் அதைக் கொண்டுபோய் உட்காரவைத்தேன். அந்த அறைக்குள் போகும்போது அதை வெளியே விட்டுவிட்டுப் போ கண்ணு. மலம் என்று சொல். என்ன நிறம், எவ்வளவு, எத்தனை தடவை, முன்பு எப்படி, இப்போது எப்படி என்று சொல். அவர்கள் தினமும் கேட்கிற விஷயம் அது. கூச்சம் நமக்கு மட்டும்தான்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது, நீயும் ஊருக்குப் போய்விட்டாய். மாசிக் கடைசியில் ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்தபடியே நின்றாள். "ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. முப்பத்தேழு வருசமா ஒரு கர்ச்சீப் தொவைக்காத மனுசன், ஆறு மாசமா உங்க வேட்டிய நீங்களே தொவைச்சுக் காயப்போடறீங்களே, எதுக்கு?" என்றாள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "கல்யாணம் முடியட்டும்னு நானும் வாய மூடிட்டு இருந்தேன். முடிஞ்சு போச்சு. பொறப்படுங்க" என்றாள். அவளும் அந்தக் கல்யாணத்துக்காகத்தான் வாயை மூடியிருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர், ஒரே காரணத்துக்காக, ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்திருக்கிறோம்.

அவிநாசி சாலையில் இருக்கிற ஒரு மருத்துவமனைக்குப் போனோம். குடல் மருத்துவர் ஒரு பெண். உனக்கு இரண்டு, மூன்று வயது மூத்தவராக இருப்பார். நான் வழக்கம் போல, "மூலந்தானுங்கம்மா" என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, நீங்க நிருபரா இருந்தீங்கன்னு அம்மா சொன்னாங்க. அப்ப எனக்குச் செய்தியா மட்டும் சொல்லுங்க. எப்ப ஆரம்பிச்சுது, எத்தனை தடவை, என்ன நிறம், எடை எவ்வளவு குறைஞ்சுது. உங்க கருத்து வேண்டாங்க. மூலமா இல்லையான்னு பாத்துட்டு நான் சொல்றேன்" என்றார். என் வாழ்நாளில் என்னை யாரும் இவ்வளவு மரியாதையாகத் திருத்தியதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் உன் அம்மா பக்கத்தில் இருந்து கூட்டினாள். "நாலு தடவைங்களா? அஞ்சாறு தடவைங்கம்மா. நான் கதவுச் சத்தத்தை எண்ணிட்டேதான் இருந்தேன்" என்றாள்.

குழாய் விட்டுப் பார்ப்பதற்கு முன்னால் குடலைச் சுத்தம் செய்ய ஒரு மருந்துத் தண்ணீர் கொடுப்பார்கள். உனக்கும் கொடுப்பார்கள், அதனால் சொல்கிறேன். உப்பும் இனிப்புமாக ஒரு ருசி. லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். அந்தச் சோதனையில் கஷ்டமே அதுதான், மற்றது மயக்கத்தில் தெரியாமலே முடிந்துவிடுகிறது. நான் பாதியில் முகத்தைச் சுளித்தபோது உன் அம்மா டம்ளரோடு முன்னால் நின்று, "குடிங்க. சம்பந்தி ஊட்டுல காப்பி குடுத்தப்ப மட்டும் வேண்டாம்னு சொல்லத் தெரியாம மூணு டம்ளர் குடிச்சீங்களே" என்றாள். கண் விழித்தபோது அந்தப் பெண் மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல செய்தியை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை என்பது எனக்குத் தொழிலில் தெரிந்த விஷயம். இடது பக்கக் குடலில் கட்டி. அடுத்த வாரமே அறுவை சிகிச்சை. எடுத்துவிட்டார்கள். பரிசோதனை முடிவு போன வெள்ளிக்கிழமை வந்தது. பக்கத்தில் இருந்த இரண்டு நிணநீர்க் கணுக்களுக்கும் போயிருக்கிறது. மருந்து ஏற்ற வேண்டும், சில மாதங்கள் ஆகும். குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் ஆடியிலேயே வந்திருக்கலாம் என்றார்.

இனி, உனக்கு நான் சொன்ன பொய்யைப் பற்றி. அறுவை சிகிச்சை முடிந்த நான்காம் நாள் சாயங்காலம் நீ போனில் கூப்பிட்டாய். உன் அத்தை, என் அக்கா, அந்தியூரிலிருந்து பஸ் ஏறி வந்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். நான் உன்னிடம், "ஹெர்னியாதான் கண்ணு. சின்ன ஆபரேசன். நீ லீவு போட்டுட்டு வரவேண்டாம்" என்று சொல்லிப் போனை வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அக்காவின் கை அப்படியே நின்றிருந்தது. சாறு விரலில் வழிந்துகொண்டிருந்தது. "நீயும் அதையே சொல்றயா சாமி?" என்றாள்.

"எதையே?" என்றேன்.

"அய்யனுக்கு வந்ததும் இதுதான்."

அப்பாவை நாங்கள் இரண்டு பேரும் அய்யன் என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு முதலில் விளங்கவே இல்லை. "அய்யனுக்கு வயித்துப்புண்ணல்ல?" என்றேன். "புண்ணுன்னு சொல்லச் சொன்னாங்க" என்றாள். நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால் நடந்ததை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அரசு மருத்துவமனையில் பெரிய டாக்டர் பெரியப்பாவிடமும் அக்காவிடமும் குடலில் புற்று என்றும், முற்றிவிட்டது என்றும் சொல்லியிருக்கிறார். வராந்தாவுக்கு வந்ததும் பெரியப்பா அக்காவின் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். அப்போதுதான் அந்தியூர்ச் சம்பந்தம் பேசி முடிவாகும் நேரம். "இந்தப் பேரு வெளிய போச்சுன்னா உன்னை ஒருத்தனும் கட்டமாட்டான், உன்ற தம்பிக்கு ஒருத்தனும் பொண்ணு குடுக்கமாட்டான்னு சொன்னாரு. எனக்கு இருபத்தஞ்சு வயசு. நான் என்ன சாமி பண்ணுவேன்? உன்ற மாமனுக்கே இன்னைக்கு வரைக்கும் தெரியாது" என்றாள்.

நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். எனக்கு அது ஒன்றுதான் தெரியும். எந்த வார்டு, எந்த மாதம், எழுத்தில் ஏதாவது கொடுத்தார்களா, சித்தப்பா மஞ்சள் காமாலையில் போனார் என்றார்களே அது என்ன. "சித்தப்பனுக்கும் இதுதான்னு சித்தி ஒருதடவ அழுதுட்டே சொன்னா" என்றாள். அய்யன் போகும்போது ஐம்பத்தொன்று. சித்தப்பா போகும்போது நாற்பத்தொன்பது. அக்காவுக்கு எல்லாம் நினைவு இருந்தது. ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அய்யன் இறந்தபோது நான் பகுதிநேர நிருபராகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அச்சில் வந்த என் முதல் செய்தியே அவருடைய மரணச் செய்திதான். நான்கு வரி. 'வயிற்றுப் புண்ணால் பாதிக்கப்பட்டிருந்த' என்று எழுதினேன். எழுதும்போது அக்கா பக்கத்தில் நின்றாள். "அப்பக்கூட ஒரு வார்த்தை சொல்லலையே அக்கா?" என்று கேட்டேன். அவள் சாத்துக்குடிச் சுளையை என் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

நான் எழுதிய முதல் செய்தி தவறு. முப்பத்தெட்டு வருடத்தில் ஒருநாளும் அதைச் சரிபார்க்கவில்லை. ஆலைகளில், அலுவலகங்களில், யார் யாரோ மூடி மறைத்ததையெல்லாம் தேடிப் போய் எழுதியவன், என் அப்பா எதனால் செத்தார் என்று ஒரு ஆளிடம் கேட்கவில்லை. சிங்காநல்லூரில் 'ஒருத்தருக்கும் இல்லீங்க' என்றது என் நான்காவது தவறு. அது மட்டும் நான் தெரிந்து சொன்னதில்லை. ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருந்தது நான்தானே.

மறுநாள் காலை மருத்துவர் வந்தபோது அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "உங்களுக்குப் பையன் இருக்காருங்களா?" என்றார். "இருக்கானுங்க. புனேல." "வயசு?" "முப்பத்தாறுங்க." "அவருக்கு வயித்துல ஏதாச்சும் தொந்தரவு இருக்குதுங்களா?" கண்ணு, அந்த இடத்தில்தான் எனக்குக் கார் ஞாபகம் வந்தது. பெட்ரோல் பங்க் ஞாபகம் வந்தது. சாலையைப் பார்த்தபடி நீ சொன்ன இரண்டு வாக்கியமும், என் சிரிப்பும், என் சட்டைப் பையும் ஞாபகம் வந்தன. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன் என்று உன் அம்மா சொல்கிறாள். எனக்குத் தெரியவில்லை. "இருக்குதுங்க. நான் அவனுக்குக் களிம்பு குடுத்தனுங்க" என்றேன். அவர் திட்டவில்லை. "இப்பவே போன் பண்ணுங்க" என்றார்.

பண்ணினேன். அக்கா சொன்னதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். "ஒரு டாக்டரைப் பாரு கண்ணு" என்று மட்டும்தான் சொன்னேன். நீ என்ன பதில் சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "இப்பப் பரவால்லீங்கப்பா. நீங்க குடுத்த ஆயின்மென்ட் நல்லாக் கேக்குது. ரத்தம் எப்பவாச்சும் ஒரு பொட்டுதான்" என்றாய். என் வார்த்தை. சிங்காநல்லூரில் நான் சொன்ன அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறாமல். அதற்குப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டேன். இரண்டு தடவையும் நீ "செரிங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் குழந்தையிடம் போனைக் கொடுத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்கு நடுவில் குழந்தையிடம் போனைக் கொடுக்க முடியாது.

உனக்கு வெறும் மூலமாகவே இருக்கலாம். ரத்தம் வருகிற பலருக்கும் அது மூலம்தான் என்று அந்த மருத்துவரே சொன்னார். அப்படி இருந்தால் முதலில் சிரிக்கப் போவது நான்தான். ஆனால் அதை உள்ளே பார்த்த ஒருவர் சொல்ல வேண்டும். நீ சொல்லக் கூடாது, நான் சொல்லக் கூடாது, மருந்துக் கடைக்காரர் சொல்லக் கூடாது. வயது குறைவுதானே என்று அங்கே யாராவது உன்னைத் திருப்பி அனுப்பப் பார்த்தால், அப்பாவுக்கு இந்த வயதில், அப்பாருக்கு இந்த வயதில், சின்ன அப்பாருக்கு இந்த வயதில் என்று சொல். மூலமில்லை என்றால் வேறு என்னவாக இருக்கலாம், அதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேள். படுக்கச் சொன்னால் படு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லாதே. போவதற்கு முன் ஒரு வாரம், எப்போது போனாய், எப்படி இருந்தது, ரத்தம் இருந்ததா என்று ஒரு தாளில் குறித்துக்கொள். ஒரு வாரத்துக்குள் அழைத்துவிட்டால் குறித்த வரைக்கும் போதும், குறிப்பு முடியவில்லை என்று தேதியைத் தள்ளிப்போடாதே. உன் வீட்டுக்காரியிடம் இன்றே சொல். அவளுக்குத் தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். உன் அம்மா கதவுச் சத்தத்தை எண்ணியவள், ஞாபகம் வைத்துக்கொள்.

ஒரு சம்பந்தம் பேசுகிறபோது நம் ஆட்கள் எவ்வளவு கறாராக விசாரிப்பார்கள் என்று உனக்குத் தெரியும். என்ன கூட்டம், எந்தக் கோயில், தாய்வழி எது, பாட்டன் எங்கே பெண் எடுத்தான், எங்கே கொடுத்தான் என்று ஏழு தலைமுறை கேட்பார்கள். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் பங்காளிகள், ஒரே ரத்தம், அதற்குள் கட்டக் கூடாது என்பதில் ஒரு தவறு நடக்காது. அந்த ரத்தத்தில் என்ன நோய் வருகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார்கள். நம் கூட்டத்துப் பங்காளிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, கும்பாபிஷேகப் படங்களும் பிறந்தநாள் வாழ்த்தும் வருமே, இந்தக் கடிதத்தை நாளை மறுநாள் அதில் போடப் போகிறேன். யார் பெயரும் இருக்காது. காரும், களிம்பும், நீயும் இருக்கிற பத்திகளை எடுத்துவிடுகிறேன். அய்யனும் சித்தப்பாவும் நானும் இருப்போம். உன் அத்தையிடம் கேட்டேன். "போடு சாமி. பெரியப்பா வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்றாள். பெரியப்பா போய்ச் சேர்ந்து இருபது வருடம் ஆகிறது. அவள் குரலில் இன்னும் அவரிடம் பயம் இருந்தது.

இந்தக் கடிதத்தோடு ஒரு அரைப்பக்கத் தாள் வைத்திருக்கிறேன். அதை மருத்துவரிடம் அப்படியே கொடு. அதில் மூன்று வரி எழுதியிருக்கிறேன். மூன்று ஆள், மூன்று வயது, ஒரே நோய். நான்காவது வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். உனக்கு எந்த மாதம் தொடங்கியது என்று அதில் நீ எழுது. உன் அம்மா பெட்டி கட்டி வைத்துவிட்டாள். நீ தேதி வாங்கவில்லை என்றால் அவள் புனேவுக்கு வந்து உன் அலுவலக வாசலில் நிற்பாள். நான் சொல்லித் தடுக்கிற ஆளில்லை. எனக்குப் பதில் எழுதும்போது பரவாயில்லை என்று எழுதாதே. எந்த மருத்துவர், எந்த நாள், எத்தனை மணி, அது மட்டும் போதும்.

இன்னும் ஒன்று. அந்தக் களிம்புக் குழாய் உன்னிடம் இருந்தால் தூக்கி எறியாதே. மருத்துவரிடம் எடுத்துப் போய்க் காட்டு. இதை யார் எழுதிக் கொடுத்தது என்று அவர் கேட்பார். எங்கப்பா என்று சொல்.